பழைய மடிக்கணினிக்கு வைஃபை



2022ஆம் ஆண்டில் நம் இலங்கை ரூபாயின் பெறுமதி சரிந்ததன் பின்னர், புதிய மடிக்கணினி வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்கும் பெருஞ்சுமையாகிவிட்டபடியால், பல்லேபொல போன்ற ஊர்களில் அலுமாரிக்குள் கிடக்கும் பழைய யந்திரங்களை மீண்டும் உபயோகத்துக்குக் கொண்டுவருவது பிள்ளைகளின் கல்வியைப் பொறுத்த அவசிய காரியமாயிற்று. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிவுற்றமையால், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை நாடுவோர் பலர். நிறுவியதும் யந்திரம் சுறுசுறுப்பாக இயங்குகிறது; சிலவற்றில் வைஃபை மாத்திரம் வருவதில்லை.

உடனே யந்திரம் பழுதென்று தீர்மானித்துவிட வேண்டாம். வைஃபைச் சில்லுகள் பெரும்பாலும், கணினி தொடங்கும்போது தமக்குள் ஏற்றப்படும் பேர்ம்வெயார் என்ற சிறு நிரலின்றி இயங்கமாட்டா. புரோட்கொம் நிறுவனம் தன் பழைய சில்லுகளின் உள்விபரங்களை வெளியிடாதிருந்த காலத்தில், தன்னார்வலருள் ஒரு சாரார் அவற்றை இயக்க ஏற்கெனவே இருந்த டிரைவர் என்ற நிரலை ஆராய்ந்து குறிப்பெழுத, மற்றொரு சாரார் அக்குறிப்பை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு புதிதாக ஒரு டிரைவரை எழுதி, 2006இல் அதனை லினக்ஸின் கருவான கெர்னலிலே சேர்ப்பித்தார்கள். கைம்மாறு கருதாத அந்த உழைப்பை நான் மிக உயர்ந்ததாக மதிக்கிறேன். ஆயினும் பேர்ம்வெயார் புரோட்கொம் நிறுவனத்தின் உடைமையாகவே இருந்தது. அதனைப் பிறர் விநியோகிக்க அனுமதியில்லை. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பு, பல சில்லுகளின் பேர்ம்வெயாரைத் தன் நிறுவியிலேயே சேர்த்து வழங்கிய போதிலும், இந்தப் பழைய புரோட்கொம் சில்லுகளுக்குரியதைச் சேர்க்க முடியாதிருப்பதன் காரணம் இதுவே. ஆகவே இணையத்தைப் பெறுவதற்கு வேண்டிய கோப்பை இணையத்திலிருந்தே இறக்கவேண்டிய சங்கடம் நேர்கிறது.

இதற்குப் பரிகாரம் நம் கையிலேயே உண்டு. முதலில், மடிக்கணினியின் ஓரத்திலோ விசைப்பலகையிலோ உள்ள வைஃபை சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய மாதிரிகள் பலவற்றில் குற்றம் அவ்வளவுதான். அடுத்து, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்துத் தட்டினால், சில்லின் பெயர் பெரும்பாலும் அங்கே தோன்றும். பின்னர் கைத்தொலைபேசியை யு.எஸ்.பி. வயரால் கணினியோடு இணைத்து, தொலைபேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கை இயக்குங்கள். அந்த வழியே வரும் இணையத்தைக் கொண்டு, சில்லுக்குரிய பேர்ம்வெயார்ப் பொதியை நிறுவிக் கணினியை மறுபடி தொடங்கினால், அநேகமாக அயலிலுள்ள வைஃபைப் பெயர்கள் திரையில் வந்துவிடும்.

இவ்வளவு செய்தும் பலிக்காவிட்டால், லினக்ஸுக்கு ஏற்ற சிறிய யு.எஸ்.பி. வைஃபைக் கருவியொன்றைப் பொருத்திக்கொள்ளலாம். புதிய கணினியோடு ஒப்பிட அதன் விலை அற்பம். கணினி பயிலும் மாணவர்களே, உங்கள் அயல்வீட்டில் இப்படியொரு யந்திரம் கிடந்தால், அது பழைய இரும்புக்காரரிடம் போகுமுன், உங்கள் தொலைபேசியோடும் ஒரு வயரோடும் சென்று பார்த்து உதவுங்கள்.