வழிகாட்ட வந்தவரும் வழிநடந்தவரும்

(பாரிட் புந்தாரில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பேராக், கெடா, பினாங்கு ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கி நிற்கும் இந்நகரில் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், நம் பெரியவர்கள் நெடுங்காலம் தாழ்ந்த குரலிலேயே பேசிவந்த ஒன்றாகும். தொழிலாளருக்காகவென்று முன்வந்த இடதுசாரித் தொண்டர்களுக்கும் தொழிலாளருக்குமிடையே எழுந்த மனக்கசப்பே அது.

வெளியிலிருந்து வந்தவர் என்பதற்காக நம் மக்கள் எவரையும் வெறுத்தவர்களல்லர். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தத்திற்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன், பால்மரம் வெட்டியவரல்லர். பத்திரிகைத் துறையைச் சார்ந்தவர். எனினும் அவரைக் கைது செய்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலையைத் துறந்து நின்றனர். காரணம் என்ன? சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டுமென்னும் இழிவு ஒழிய வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். இவை லயத்து வாசலிலே பிறந்த கோரிக்கைகள். தலைவர் அவற்றை எடுத்துரைத்தார். தொழிலாளர் அவர் பின்னே நின்றனர்.

1945-இல் ஜப்பானியர் சரணடைந்த பின்னர் நிலைமை மாறிற்று. இடதுசாரிகளின் முயற்சியால் தொழிற்சங்கங்கள் எங்கும் எழுந்தன. சிதறிக்கிடந்த தொழிலாளரை அவை ஒன்றுசேர்த்தன என்பதையும், கூலி உயர்வுக்காகப் போராடின என்பதையும் மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆனால் 1946 ஜனவரியில் நடந்த பொது வேலைநிறுத்தமோ, கூலிக்காக எழுந்ததன்று; சிறையிலிடப்பட்ட அரசியல் தோழரை விடுவிக்க எழுந்தது. தொண்டர் வருங்காலத்தைக் கணக்கிட்டார். தொழிலாளியோ அன்றைய உலைக்கு அரிசியைக் கணக்கிட்டார். இருவர் கணக்கும் ஒவ்வாதபோது மனக்கசப்பு பிறந்தது.

1948 ஜூன் 16-ஆம் நாள், இம்மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது, அது 1960 வரை நீடித்தது. கானகம் சென்றவர்கள் தம் வழியைத் தாமே தெரிந்தெடுத்தனர். லயத்திலிருந்தோருக்கோ அவ்வுரிமையும் இல்லை. உணவு கொடுத்தால் அரசாங்கத்தின் தண்டனை. மறுத்தால் கானகத்தாரின் பகை. முள்வேலிக்குள் வாழ்ந்து, வாயிலிலே சோதனைக்கு நின்று, பகலுணவுப் பொட்டலமும் எடுத்துச் செல்லாமல் மரம் வெட்டச் சென்றவர் நம் முன்னோரே.

தொண்டர்களும் விலை கொடுத்தனர். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தோழர் வீரசேனன் அதற்கு முந்திய நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்தம் வழியை ஏற்காதவரும் அவர்தம் தியாகத்தை எள்ளி நகையாடலாகாது.

1948-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், செயலாளர் நீங்கலான சங்கப் பொறுப்பாளர்கள் அத்தொழிலிலேயே மூன்றாண்டுப் பட்டறிவு பெற்றிருக்க வேண்டுமென விதித்தது. அதனால் வெளியார் ஆதிக்கம் குறைந்தது. அதே வேளையில் கற்றறிந்த துணைவர்களையும் தோட்டத்தார் இழந்தனர். 1954-இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராக நெடுங்காலம் விளங்கினார். பேச்சுவார்த்தையும் ஒப்பந்தமும் அச்சங்கத்தின் வழியாயின. அவ்வழி மெதுவானது என்று குறைகூறியோரும் உண்டு. அக்குறையும் செவிமடுக்கத் தக்கதே.

ஆகவே நாம் கொள்ளவேண்டிய படிப்பினை யாது? உதவ வருபவரை விரட்டுவதன்று, அவரிடம் வினவுவதேயாகும். இக்கோரிக்கை யாருடையது? முடிவெடுக்கும் கூட்டத்தில் எங்களுக்கு வாக்குண்டா? தோல்வியுற்றால் இழப்பு யாரைச் சேரும்? இம்மூன்று வினாக்களையும் கட்சிக்காரரிடமும் கேளுங்கள். சங்கத் தலைவரிடமும் கேளுங்கள். அரசாங்க அலுவலரிடமும் தயங்காது கேளுங்கள். சந்தா கொடுத்ததும் கடமை முடிந்ததென வீட்டிலிருந்துவிடாமல், கூட்டத்திற்கு வந்து கணக்கைக் கேளுங்கள்.

நேர்மையான தொண்டர் இவ்வினாக்களால் வருந்தமாட்டார். விடை கூறாது சினப்பவர் எந்தக் கொடியின்கீழ் நின்றாலும், அவர் பின்னே நம் பிள்ளைகளின் சோற்றைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.