அதிர்ச்சியும் ஏக்கமும்

ஒரு பேரிடர் முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், அது முடிந்துவிட்டது என்பதை உடல் நம்ப மறுக்கும் நிலைக்கு மனவடு என்று பெயர். இலங்கைத் தமிழ் மருத்துவ வழக்கில் வேரூன்றிய சொல் இது. வடு என்றால் தழும்பு. தோலில் விழுந்த தழும்பு நாளடைவில் வலிப்பதில்லை. மனத்தில் விழுந்தது, ஒரு வாசனை பட்டாலும் ஓசை பட்டாலும் மறுபடி வலிக்கிறது.

செங்கல்பட்டுக் கடற்கரைக்கு இந்த வலி புதிதல்ல. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தபோது இங்கே காலை ஆறரை மணி. மூன்று மணி நேரத்துக்குள் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே மீனவர் குப்பங்களில் படகும் வலையும் வீடும் போயின. கல்பாக்கத்தில் இயங்கிக்கொண்டிருந்த அணுமின் அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆனால் கடலை ஒட்டிய ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் பறிபோயின. அணுசக்தித் துறையின் இன்னொரு குடியிருப்பான அணுபுரம், கடலிலிருந்து உள்ளே தள்ளித் திருக்கழுக்குன்றம் பக்கமாக இருக்கிறது. அலை அங்கே எட்டவில்லை, சாவுச் செய்தி எட்டியது. தண்ணீரில் சிக்கியவருக்கு மட்டுமே மனவடு உண்டாகும் என்பதில்லை. கண்ணெதிரே சாவைப் பார்த்தவருக்கும், நெருங்கியவரின் திடீர் மரணத்தைக் கேட்டறிந்தவருக்கும் அது உண்டாகலாம்.

அதன் அறிகுறிகளை நான்கு வகையாகப் பிரிப்பார்கள். முதலாவது, நடந்தது கனவிலும் நினைவிலும் அழைக்காமல் வந்து நிற்பது. இரண்டாவது, நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்ப்பது. பிறந்ததிலிருந்து கடலோடு வாழ்ந்தவர் கடற்கரைப் பக்கம் போகாமல் வேறு வழியில் சுற்றிப்போவது இந்த வகை. மூன்றாவது, மனம் மரத்துப்போய், தன்மீதே பழி போட்டுக்கொள்வது. ‘கையை விட்டுவிட்டேனே’ என்ற ஒரே நினைப்பு ஆண்டுக்கணக்கில் ஒருவரை அரித்துவிடும். நான்காவது, ஓயாத விழிப்பு. தூக்கமின்மை, திடுக்கிடல், சட்டென்று சீறும் கோபம் எல்லாம் இதில் சேரும். தமிழர்கள் இதைப் பெரும்பாலும் உடலின் மொழியில்தான் சொல்வார்கள். ‘நெஞ்சு படபடக்குது’, ‘மூச்சு அடைக்குது’, ‘உடம்பு உதறுது’ என்று மருத்துவரிடம் வருபவர் சொல்வது மனத்தின் கதையாக இருக்கக்கூடும். பேரிடரில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் உற்றார் துணையோடு தாமாகவே மீண்டுவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் இந்த அறிகுறிகள் விலகாமல் அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால், அது சிகிச்சை தேவைப்படும் நோய்.

ஒரே அலையில் சிக்கிய இருவரில் ஒருவர் மீள்கிறார், மற்றவர் மூழ்கிப்போகிறார். காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றுக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: ஏக்கம். தாயைப் பிரிந்து வாடும் குழந்தையைப் பார்த்து, ‘பிள்ளை ஏங்கிப்போச்சு’ என்பார்கள். அதிர்ச்சி என்பது நடக்கக்கூடாதது நடந்ததால் வருவது. ஏக்கம் என்பது கிடைக்க வேண்டியது கிடைக்காததால் வருவது. பாதுகாப்பான அரவணைப்பு, மனத்தில் உள்ளதைச் சொல்ல இடம், சொந்தக் காலில் நிற்கப் பழக வாய்ப்பு, விளையாட்டு, அன்போடு விதிக்கப்பட்ட வரம்பு ஆகிய ஐந்தையும் குழந்தையின் அடிப்படை உணர்வுத் தேவைகளாக அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி யங் வகுத்தார். இவை கிடைக்காமல் வளர்ந்தவருக்கு, தாங்கும் எல்லை குறுகலாக அமைந்துவிடுகிறது. சிறு ஏச்சும் சிறு பிரிவும் பெரும் அலையாக வந்து மோதுகின்றன. ஆகவே மனவடுச் சிகிச்சை அதிர்ச்சியோடு ஏக்கத்தையும் சேர்த்தே கவனிக்கிறது.

பேரிடர் நடந்த உடனே தேவைப்படுவது சிகிச்சையல்ல, முதலுதவி. உயிருக்குப் பாதுகாப்பு, உணவு, உடை, பிரிந்த உறவினரைச் சேர்த்து வைத்தல், கேட்கும் காது ஆகியவைதான் மனத்துக்கான முதலுதவி. எல்லாரையும் ஒரே அமர்வில் உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் உடனே கொட்டச் சொல்லும் முறை ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. அது பின்னால் நோய் வராமல் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று ஆய்வுகள் காட்டிய பிறகு அது பரிந்துரைக்கப்படுவதில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழகத்தில் உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்தது. மனநல மருத்துவர்கள் எல்லாக் குப்பங்களுக்கும் போதுமான எண்ணிக்கையில் இல்லாத நாட்டில், பொறுமையாகக் கேட்கத் தெரிந்த உள்ளூர்க்காரரே முதல் துணை.

நோயாக நிலைத்துவிட்டவர்களுக்கான சிகிச்சை மூன்று கட்டங்களில் நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு மருத்துவர் பியர் ழானே காட்டிய வழி இது. 1992இல் மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் எழுதிய நூல் இதை மறுபடி உலகறியச் செய்தது. முதல் கட்டம், காலூன்றுதல். வீட்டில் அடி விழுந்துகொண்டிருந்தால், முதலில் அது நிற்க வேண்டும். பிறகு, படபடப்பு ஏறும்போது மூச்சை மெல்ல வெளிவிடவும், பாதம் தரையில் படுவதை உணரவும், கண்ணெதிரே உள்ள பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணவும் பயிற்சி. ‘இது அன்றைய நாளல்ல, இன்றைய நாள்’ என்று உடலுக்குக் கற்பிக்கும் வேலை இது. தாங்க முடியாமல் தத்தளிப்பவருக்கு இந்தக் கட்டத்தை அவசரப்படுத்தக்கூடாது.

இரண்டாவது கட்டம், சொல்லுதல். பேரச்சத்தின் நடுவே பதிந்த நினைவு, முன்பின் தொடர்ச்சி இல்லாமல் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அதற்குத் தேதியும் இடமும் இல்லாததால்தான் இப்போது நடப்பதைப்போல வந்து தாக்குகிறது. அந்தத் துண்டுகளைக் கோத்து, தொடக்கமும் முடிவும் உள்ள கதையாக்குவதே இந்தக் கட்டத்தின் பணி. கதைசொல்லும் சிகிச்சை என்ற முறையில், தரையில் ஒரு கயிற்றை நீளமாக விரிக்கிறார்கள். அதுதான் அவருடைய வாழ்நாள். மகிழ்ச்சியான நிகழ்வுக்கு ஒரு பூ, துயரத்துக்கு ஒரு கல். பிறப்பிலிருந்து வரிசையாக வைத்துக்கொண்டு வரும்போது, பெருங்கல் ஒன்று இருந்தாலும் கயிறு அதைத் தாண்டிப் போவது கண்ணுக்குத் தெரிகிறது. பூக்களே இல்லாத பகுதி எதுவென்பதும் தெரிகிறது. ஏக்கம் அங்கே இருக்கிறது.

இந்த முறை தமிழ்ப் பிள்ளைகளிடமே சோதிக்கப்பட்டிருக்கிறது. போரும் ஆழிப்பேரலையும் அடுத்தடுத்துத் தாக்கிய வடகிழக்கு இலங்கையில், 31 பிள்ளைகளை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கதைசொல்லும் சிகிச்சை, மற்றதற்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். தலா ஆறு அமர்வுகள், நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்த் துணையாளர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் குழுவில் 71 விழுக்காட்டினரும் நோயிலிருந்து மீண்டிருந்தனர். 2009இல் வெளியான இந்தச் சிறிய ஆய்வு, நம் மரபில் உள்ள மூச்சுப் பயிற்சியையும் தியானத்தையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை என்றும் உணர்த்தியது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக வலியுறுத்தி வருவதும் அதுவே. குடும்பமும் ஊரும் சடங்கும் சேர்ந்தே ஒருவரை மீட்கின்றன என்பது அவர் கருத்து.

வேறு முறைகளும் உண்டு. அஞ்சி விலகியதைப் படிப்படியாக அணுகச் செய்வது ஒன்று. கடலுக்கு அஞ்சுபவர் முதல் நாள் தொலைவிலிருந்து அலையோசையைக் கேட்பார், பிறகு மணலில் நிற்பார், ஒருநாள் கால் நனைப்பார். நினைவை மனத்தில் இருத்தியபடி கண்களை இடவலமாக அசைக்கச் செய்யும் முறையை 1987இல் உளவியலாளர் பிரான்சின் ஷபீரோ உருவாக்கத் தொடங்கினார். பிள்ளைகளுக்கான ஒரு முறையில் பெற்றோரும் பங்கேற்கிறார்கள்.

மூன்றாவது கட்டம், வாழ்க்கைக்குத் திரும்புதல். தொழில், நட்பு, நம்பிக்கை ஆகியவற்றை மறுபடி கட்டுவது இதில் அடங்கும். ஏக்கம் தீரத் தொடங்குவதும் இங்கேதான். சொன்ன நேரத்துக்கு வந்து, குறுக்கிடாமல் கேட்டு, கண்ணீரைக் கண்டு பதறாமல், தன் எல்லையையும் காத்துக்கொள்ளும் சிகிச்சையாளர், சிறுவயதில் கிடைக்காத ஓர் உறவு எப்படி இருக்கும் என்பதை நடத்திக் காட்டுகிறார். அதைப் பழகியவர் வீட்டிலும் தனக்கு வேண்டியதைக் கேட்கக் கற்றுக்கொள்கிறார். ‘அழாதே’, ‘மறந்துவிடு’ என்பதை நிறுத்திவிட்டு, ‘சொல்லு, கேட்கிறேன்’ என்று குடும்பம் சொல்லத் தொடங்குவது இந்தக் கட்டத்துக்குப் பெருந்துணை.

பயந்த பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டுவது தமிழகத்துப் பழக்கம். அதுபோல ஊர் கூடிச் செய்யும் சடங்கும் உண்டு: ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று கரையோர மக்கள் கடலில் பாலூற்றிப் பூத்தூவுகிறார்கள். துயரத்துக்கு ஒரு நாளும் ஓர் இடமும் கொடுத்துக் கூடி அழுவது மனத்துக்கு நல்லதே. அதற்குப் பிறகும் தூக்கம் வராதவருக்கு மருத்துவ உதவி தேவை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை உரிமையாக்கியிருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலிமானஸ் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.