இருதய ஆபரேஷனுக்குப் பிறகு மனதையும் கவனிப்போம்

(தென்காசியில் நம் அறக்கட்டளை நடத்திய மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் பைபாஸ் ஆபரேஷன் செய்தபோது இந்தியாவுக்கே அது புதிது. இன்று தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை என நம் பகுதியில் பல குடும்பங்களுக்குப் பழகிப்போன பெயர் அது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருப்பதால் ஏழைகளும் செய்துகொள்ள முடிகிறது. அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் வீடு திரும்பிய பிறகு நடப்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. நெஞ்செலும்பு கூடச் சுமார் எட்டு வாரம் ஆகும். புண் ஆறிய பிறகும் சிலர் தூங்குவதில்லை. காரணமில்லாமல் அழுகிறார்கள், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார்கள். தழும்பு சுருக்கென்றால் மறுபடியும் அட்டாக்கோ என்று நடுங்குகிறார்கள். "சம்பாதித்த நான் பாரமாகிவிட்டேன்" என்று ஒடுங்கிப் போகிறார்கள்.

முதல் சில வாரங்களில் இப்படி வந்து போவது சகஜம். இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பைபாஸ் செய்துகொண்ட 817 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்தும் மனச்சோர்வு தீராதவர்களிடையே மரணம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. மனம் சோர்ந்தவர் மாத்திரையை விட்டுவிடுவார், நடக்க மாட்டார், விட்ட சிகரெட்டை மறுபடி தொடுவார். ரத்தக்குழாயைச் சரிசெய்தும் பலன் முழுதாகக் கிடைக்காது.

இதை ஈமானின் குறை என்று சொல்லிக் காயப்படுத்தாதீர்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பது போலத்தான் இதுவும். சபுர் செய்யச் சொல்லும் நாம், சிகிச்சைக்கும் அழைத்துப் போக வேண்டும்.

வீட்டார் செய்ய வேண்டியவை சில உண்டு. வாப்பாவைக் கட்டிலிலேயே வைத்துப் பூட்டாதீர்கள். டாக்டர் சொன்ன அளவுக்கு நடக்க விடுங்கள், கடைக்கணக்கைக் கேளுங்கள், பேத்திக்கு ஓதிக் கொடுக்கச் சொல்லுங்கள். தான் இன்னும் தேவைப்படுகிறோம் என்ற எண்ணமே பாதி மருந்து. ஸுஜூது சிரமமென்றால் நாற்காலியில் தொழலாம். நோன்பு வைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முடியாதவருக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. குற்றாலத்தில் சீசன் வந்ததும் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்க ஆசை வரும். டாக்டர் அனுமதிக்கும் வரை அது வேண்டாம். சாரலில் மெல்ல நடந்து வந்தாலே மனம் லேசாகும். கணவன் மனைவி உறவு பற்றிய பயத்தையும் கூச்சப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு மாடிப்படி மூச்சிரைக்காமல் ஏற முடிந்தால் பெரும்பாலும் தடையில்லை என்பார்கள்.

கவனிக்கும் மனைவியையும் மறவாதீர்கள். அவரும் இரவில் தூங்காமல் கணவரின் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பவர்.

நோயாளியை நலம் விசாரிப்பது ஸுன்னத்து. ஆனால் "இதே ஆபரேஷன் செய்தவர் ஆறு மாசத்தில் மவுத்தாகிவிட்டார்" என்று சொல்லவா போகிறோம்? பத்து நிமிடம் இருந்து, துஆ செய்து, நல்ல வார்த்தை சொல்லி எழுந்து வருவோம்.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பைபாஸுக்குப் பின் மனச்சோர்வடைந்த 302 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினரிடம் நர்ஸுகள் எட்டு மாதம் போனிலேயே பேசி, சிகிச்சையையும் கவனித்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களை விட அவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்று 2009-இல் வெளியானது. பணம் அனுப்பினால் போதும் என்றிராதீர்கள். "தூங்கினீங்களா, நடந்தீங்களா, மனசு எப்படி இருக்கு வாப்பா?" என்று தவறாமல் கேளுங்கள்.

மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் ஒரு நாளும் தாமதிக்காமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் உடல் நலத்தோடு மன அமைதியையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.