ஏரி காத்த ஊரவை



பட்டுத்தறி ஒலிக்கும் காஞ்சிக்குத் தெற்கே, ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ளது உத்தரமேரூர். அவ்வூர்ப் பெயரைக் கேட்ட அளவில் கற்றோர் அனைவரும் குடவோலையை நினைப்பர். பள்ளிப் பாடநூலில் அது உண்டு. மேடைதோறும் அதன் பெருமை முழங்கும். ஆயின், அக்குடம் எதன்பொருட்டு வைக்கப்பட்டது, ஓலையிற் பெயர் வந்தவர் ஆற்றிய பணி யாது என்று வினவுவார் அரியர். அவ்வினாவிற்குரிய விடை ஊரை அடுத்தே பரந்து கிடக்கிறது. அதுவே உத்தரமேரூர்ப் பேரேரி.

தொண்டை நாட்டின் இயல்பை முதற்கண் எண்ணிப் பாருங்கள். பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே ஓடும். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களிற் சில நாள்களே கொட்டித் தீர்க்கும் மழையைத் தேக்கி வைத்தால் நெல் உண்டு. தவறவிட்டால் பசி உண்டு. ஆதலின் முன்னோர் சரிவு கண்ட இடமெல்லாம் கரை எழுப்பினர். பழைய செங்கற்பட்டு மாவட்டம் ஏரி மாவட்டம் என்றே பெயர் பெற்றது. தமிழ்நாடு முழுதும் 39,000-க்கு மேற்பட்ட ஏரிகள் உள. நிலம் பள்ளமாகிய இடம் நோக்கி நீரைத் தேக்குக என்று குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்திய செய்தி புறநானூற்றில் உண்டு.

ஏரியை வெட்டுதல் ஒருமுறை நிகழ்வது. காத்தலோ ஆண்டுதோறும் நிகழ வேண்டுவது. வரும் வெள்ளம் வண்டலைக் கொணரும், கரை அரிக்கும், மதகு தூரும், கலிங்கு உடையும். பல்லவர் காலத்தில் வைரமேகன் என்னும் பெயரைத் தாங்கிய இவ்வேரிக்கும் இதே நிலைதான். அதனாலன்றோ வண்டல் அகற்றும் செலவிற்கென அறக்கொடை வைத்த செய்தியை அவ்வூர்க் கல்வெட்டுகள் பேசுகின்றன!

முதற் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921 ஆகிய ஈராண்டுகளில் பொறித்த கல்வெட்டுகளே குடவோலை முறையை விளக்குவன. 921 என்பது திருவள்ளுவர் ஆண்டு 952 ஆகும். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். இளையோரும் முதியோரும் கூடிய அவை நடுவே, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவன் ஓலை எடுப்பான். அதனை வாங்குபவர் ஐவிரலும் விரித்து, உள்ளங்கையில் ஏந்தி, அனைவரும் கேட்கப் படித்தல் வேண்டும். கைக்குள் வேறோர் ஓலையை மறைத்து வைக்க இடமில்லை! இங்ஙனம் தேர்ந்த முப்பதின்மருள் பன்னிருவர் ஆண்டு வாரியம். பன்னிருவர் தோட்ட வாரியம். எஞ்சிய அறுவர் ஏரி வாரியம். அவர்தம் பணிக்காலம் 360 நாள்.

முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் பெயர் குடத்தில் இடம்பெறாது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரும் இடம்பெறாது. அவர் மட்டுமோ? அவர்தம் தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மருமகன் என உறவினர் பெயரும் விலக்கப்பட்டன. கணக்கே அம்முறையின் முதுகெலும்பு.

பெருமை பேசும்போது உண்மையை மறைத்தல் தமிழர்க்கு அழகன்று. அவ்வூர் அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். மறை கற்றவர், வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவர், 35 முதல் 70 வரை அகவையினர் ஆகியோரின் பெயர்களே ஓலையில் ஏறின. மறையில் மிகுந்த புலமை உடையார்க்கு அரைக்கால் வேலியும் போதுமாயிற்று. கழனியில் உழுதவன் பெயரும், மழையிரவில் கரையில் நின்று மண் சுமந்தவன் பெயரும், பெண்டிர் பெயரும் அக்குடத்தில் விழவில்லை. பிரான்சு நாட்டில் 1789-இல் சிற்றூர்தோறும் தேர்ந்தெடுத்த ஊராட்சி அமைந்தபோதும், குறித்த அளவு வரி செலுத்திய ஆடவர்க்கே வாக்குரிமை இருந்தது. எனினும் அக்குறையைக் காட்டி உத்தரமேரூர் முறையைத் தள்ளுதல் பொருந்தாது. அதன் கணக்கையும் காவலையும் ஏற்று, வாயிலை அனைவர்க்கும் திறந்துவிடுதலே அறிவுடைமை.

பின்னாளில் நேர்ந்தது யாது? ஆங்கிலேயர் ஆட்சியில் ஏரிகள் மெல்ல மெல்ல அரசுத் துறையின் கைக்குச் சென்றன. ஊரார் கூடிச் செய்த குடிமராமத்து நலிந்தது. 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று சென்னை மாகாணத்தில் வந்தது. கரை உடையும் நிலையில் ஊரார் உழைத்தே தீர வேண்டும் என்றது அது. உரிமை போயிற்று, கடமை மட்டும் நின்றது. தனதல்லாத ஏரியை எவன் தன் கண்போற் காப்பான்?

வாரியம் என்னும் பழஞ்சொல் இன்றும் வாழ்கிறது. மின் வாரியம் உண்டு. குடிநீர் வடிகால் வாரியம் உண்டு. ஊருக்குள் இருந்த ஏரி வாரியமோ மறைந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டில் உழவரே பாசன அமைப்புகளை மேலாண்மை செய்யச் சட்டம் பிறந்தது. 2017-இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசுத் திட்டமும் வந்தது. சொல் மீண்டமை மகிழ்ச்சிக்குரியதே. சொல்லோடு உரிமையும் கணக்கும் மீள வேண்டும்.

அரசு வேண்டா என்பது இதன் பொருளன்று. அன்றும் அவ்வவையில் சோழ வேந்தனின் ஆணையும், அவன் அலுவலரும் இருந்தனர். காஞ்சி நெசவாளர் அறிந்த கோர்வையே இதற்குத் தக்க உவமை. உடலும் கரையும் வெவ்வேறு வண்ணம். தறியில் இருவர் கை சேர்ந்தால்தான் இரண்டும் பிரியாது இணையும். ஒருவர் கை ஓய்ந்தால் சேலை இல்லை. அரசின் பொருளும் ஊராரின் காவலும் அவ்வாறே பிணைதல் வேண்டும்.

தமிழ்ப் பெருமக்களே! இன்று ஊரவையில் சாதி இல்லை, நிலவரம்பு இல்லை, ஆண் பெண் வேற்றுமை இல்லை. வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர். மார்ச்சு 22, உலக நீர் நாளன்றும் ஊராட்சிதோறும் அவ்வவை கூடுகிறது. அங்கே சென்று அமருங்கள். வரத்துக்காலை அடைத்தது யார்? மதகு ஏன் பழுதுற்றது? தூர் வாரிய மண் எங்கே, செலவின் கணக்கு எங்கே? இவற்றை நல்ல தமிழில், அனைவரும் கேட்க வினவுங்கள். குடவோலையின் புகழை மேடையில் பாடுவதினும், அவ்வூர்க் கல் கேட்ட அக்கணக்கைத் தத்தம் ஊரிற் கேட்பதே முன்னோர்க்குச் செய்யும் நன்றி.

வெல்க தமிழ்!