மின்னஞ்சலும் மாற்றேற்பாடும்

தபாற் கந்தோர் ஒரு நாள் மூடப்பட்டிருந்தால், அங்கு வந்து சேரவேண்டிய கடிதப் பையை எவரும் தெருவிலே எறிந்துவிடுவதில்லை. அது முந்திய நிலையத்திலே தங்கியிருந்து, கதவு திறந்த பின்னர் வந்து சேர்கின்றது. மின்னஞ்சலின் இயல்பும் இதுவே என்பதைப் பலர் அறியார். மின்னஞ்சலைப் பெற்றும் அனுப்பியும், ஆளுக்கொரு பெட்டியாகப் பிரித்து வைத்தும் பணிபுரியும் கணினிக்குச் சேவையகம் என்று பெயர். ஒரு சேவையகம் இன்னொன்றிடம் கடிதத்தை ஒப்படைக்கும் முறையை 1982ஆம் ஆண்டில் ஜோன் பொஸ்ரல் என்னும் அமெரிக்க அறிஞர் விதிகளாக எழுதி வெளியிட்டார். சிற்சில திருத்தங்களோடு அவ்விதிகளே இன்றும் வழங்குகின்றன. அவற்றின் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பெறவேண்டிய சேவையகம் விடையளியாவிடின், அனுப்பும் சேவையகம் அரை மணி நேரமாவது பொறுத்து மீண்டும் முயலவேண்டும். நான்கைந்து நாட்களுக்கேனும் முயற்சியைக் கைவிடலாகாது.

ஒரு நிறுவனத்துக்குக் கொழும்பிலே தலைமைக் காரியாலயமும், கண்டி, காலி, யாழ்ப்பாணம் ஆகிய நகரங்களிற் கிளைகளும் உள்ளன என்று வைத்துக்கொள்க. சேவையகம் கொழும்பில் இருக்கின்றது. ஒரு நாட் காலை அது நின்றுபோனால், வெளியிலிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலும் வெளியிலேயே காத்திருக்கும். ஆயின், யாழ்ப்பாணத்து இலிகிதர் நேற்று வந்த விலைக்கோரலைத் திறந்து பார்க்க இயலாது. காலிக் கிளையின் முகாமையாளர் கொழும்புக்கு ஒரு வரிதானும் எழுத இயலாது. ஆகவே காக்கவேண்டியது வரப்போகும் கடிதத்தை அன்று. வந்து பெட்டியிலே கிடக்கும் கடிதத்தையும், அதனிடம் செல்லும் வழியையுமே.

இதனை உணராத காலத்தில் எழுந்த பழைய வழக்கமொன்று உண்டு. ஒரு நிறுவனத்தின் கடிதங்களை எச்சேவையகத்திற் சேர்ப்பது என்பதை இணையத்தின் பெயரேடு சொல்கின்றது. அதிலே இரண்டு மூன்று சேவையகங்களை இலக்கமிட்டுக் குறிக்கலாம். சிறிய இலக்கமுடையதே முதலில் நாடப்படும். இதைக் கொண்டு, கண்டியிலே ஒரு சிறு கணினியை வைத்து அதனை இரண்டாம் வாயில் என்று பதிந்துவிட்டால் காரியம் முடிந்தது எனக் கருதியோர் பலர். அக்கணினி செய்வதெல்லாம் கடிதங்களைக் குவித்து வைத்தலே. கொழும்பு விழிக்கும்வரை எவரும் அவற்றைப் படிக்க இயலாது. வேண்டாக் கடிதங்களை ஆயிரக்கணக்கில் அனுப்பும் கூட்டத்தார், பின்வாயிலிற் காவல் தளர்ந்திருக்கும் என்பதறிந்து அங்கேயே முதலில் வருவர். இன்னுமொன்று. ஊழியர் பெயர்ப்பட்டியல் செம்மையாக இல்லாத இரண்டாம் சேவையகம், “இப்பெயருடையார் இங்கில்லை” என்று விடையளித்துவிட்டால், அக்கடிதம் காத்திராது. உடனே அனுப்பியவரிடம் திரும்பிவிடும். முற்றாக உறங்கும் சேவையகத்திலும் பார்க்க, அரைகுறையாக விழித்துத் தவறான விடை சொல்லும் சேவையகமே ஆபத்தானது.

அப்படியாயின் பெட்டிகளையே இரட்டிப்பதுதான் வழியா? ஆம், ஓரளவுக்கு. கொழும்பிலே ஒரு கடிதம் வந்து விழுந்ததும் அதன் பிரதியொன்று சில கணங்களிற் கண்டிக்குச் செல்லுமாறு அமைத்தல் இன்று அரிய காரியமன்று. கொழும்பிலே தீப்பற்றினாலும் கண்டியிலிருந்து வேலை நடக்கும். ஆனால் இங்கேதான் நுட்பமான ஒரு மயக்கம் நிகழ்கின்றது. இரட்டை, தன் உடன்பிறப்புக்கு நேர்வதையெல்லாம் தானும் ஏற்றுக்கொள்ளும். கொழும்பிலே ஒரு பெட்டி தவறுதலாக அழிக்கப்பட்டால், அந்த அழிப்பும் சில கணங்களிற் கண்டியைச் சென்றடையும்.

இதற்கு இந்நாட்டிலேயே சான்றுண்டு. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், இலங்கை அரசாங்கத் திணைக்களங்கள் பலவும் பயன்படுத்திய மின்னஞ்சல் அமைப்பு, கோப்புகளைப் பூட்டித் திறவுகோலுக்குப் பணங்கேட்கும் தீநிரலுக்கு இலக்காயிற்று. பாதிக்கப்பட்ட கணக்குகள் ஏறக்குறைய 5,000. அமைச்சரவை அலுவலகத்துக் கணக்குகளும் அவற்றுள் அடங்கும். அமைப்பை 12 மணி நேரத்துள் மீண்டும் இயங்கச் செய்தனர் என்பது பாராட்டத்தக்கதே. எனினும், அவ்வாண்டு மே 17ஆந் திகதி முதல் ஓகஸ்ட் 26ஆந் திகதி வரையுள்ள கடிதங்கள் திரும்பி வரவில்லை. அக்காலத்துக்கு வேறாக எடுத்து வைத்த பிரதி இல்லை. அமைப்போடு தொடுக்கப்பட்டிருந்த பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. ஏறக்குறைய 100 நாட்களில் எழுதப்பட்ட விண்ணப்பங்களும் விடைகளும் குறிப்புகளும் இல்லாதொழிந்தன. பயன்பாட்டிலிருந்த மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதனைப் புதுப்பிக்கும் வேலை பணமின்மையாலும் பிறவற்றாலும் தள்ளிப்போயிருந்தது. இனிமேல் நாள்தோறும் தொடுப்பற்ற பிரதி எடுக்கப்படும் என்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தார் பின்னர் அறிவித்தனர்.

இதனோடு ஒப்பிடத்தக்கது 2011ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் கூகிள் நிறுவனத்தில் நிகழ்ந்தது. அந்நிறுவனம் கடிதங்களை ஒன்றுக்கு மேற்பட்ட தரவு நிலையங்களிற் பல பிரதிகளாக வைத்திருந்தது. இருந்தும், புதிய மென்பொருளிலிருந்த ஒரு பிழை சிலருடைய கடிதங்களை எல்லாப் பிரதிகளிலிருந்தும் நீக்கிவிட்டது. பாதிக்கப்பட்டோர் பயனாளரில் நூற்றுக்கு 0.02 பங்கினரே, ஆயினும் தம் பெட்டியை வெறுமையாகக் கண்டவருக்கு அப்பின்னம் என்ன ஆறுதல் தரும்! அவர்களைக் காத்தது காந்த நாடா. சுருளாகச் சுற்றி, எந்த இயந்திரத்தோடும் தொடுக்காது வைத்திருந்த நாடாவைப் பிழை எட்டவில்லை. உலகப் பெருநிறுவனமொன்று நாடாவை நம்பியிருந்தது என்பதைக் கேட்டுச் சிலர் அன்று நகைத்ததும் உண்டு.

இரட்டை வேறு, காப்புப் பிரதி வேறு என்பது இதனால் விளங்கும். இயந்திரம் கெட்டால் இரட்டை உதவும். மனிதரும் மென்பொருளும் கெடுத்தால், தொடுப்பற்ற காப்புப் பிரதியே உதவும். பணம் ஒன்றுக்கே போதுமாயின், முதலில் வாங்கவேண்டியது காப்புப் பிரதிக்குரிய கருவியே. கிளைகள் ஒரு நாள் கடிதமின்றி இருக்கலாம், 100 நாட் கடிதத்தை இழந்திருத்தல் ஆகாது.

இரண்டாம் சேவையகத்தை வைக்கும் வசதி இருப்பின், கிளைகள் பலவாயிருத்தலின் பயன் அப்போதுதான் தோன்றும். கொழும்புக்கும் கண்டிக்கும் இடையேயுள்ள தொடர்பு மட்டும் அறுந்தது என்க. இரண்டு இயந்திரங்களும் நலமே. ஆனால் கண்டிச் சேவையகம், கொழும்பு மாண்டது என்றெண்ணித் தலைமையை ஏற்கின்றது. கொழும்போ தலைமையை விடவில்லை. இருவர் மாத்திரமுள்ள சபையில் வாக்கெடுப்பு நடத்தியது போன்ற நிலை. ஒரே பெட்டியில் இரண்டிடத்தும் வெவ்வேறு கடிதங்கள் சேர்ந்து, பின்னர் ஒன்றாக்க முடியாத சிக்கலாகின்றது. ஆதலால் மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும். காலிக் கிளையில் வைக்கப்படும் எளிய கணினியொன்று அதற்குப் போதும். அது கடிதங்களைத் தாங்கவேண்டியதில்லை. எச்சேவையகம் அச்சாட்சியைக் கண்டு பேச வல்லதோ அதுவே தலைமை வகிக்கும், மற்றையது தானாக ஒதுங்கும். சாட்சியைக் கொழும்புக் கட்டிடத்திலேயே வைப்போரும் உளர். அக்கட்டிடம் இருண்டால் கண்டி நலமாயிருந்தும் தலைமையேற்க மாட்டாது.

பெயரேட்டை விடையளிக்கும் கணினிகளும் இவ்வாறே சிதறியிருத்தல் வேண்டும். 2001ஆம் ஆண்டு ஜனவரியில் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் பெயரேட்டுக் கணினிகள் யாவும் வலையமைப்பின் ஒரே பகுதியில் இருந்தமையால், வழிகாட்டும் கருவியொன்றில் நிகழ்ந்த பிழை அவற்றையெல்லாம் மறைத்துவிட்டது. சேவையகங்கள் இயங்கின, அவற்றின் இருப்பிடம் கேட்டோருக்குச் சொல்ல ஆளில்லை.

இணைப்புத் தொடர்பும் மின்சாரமும் ஊரறிந்த விடயங்கள். இரண்டு கம்பனிகளிடம் இரண்டு தொடர்பு பெற்றிருந்தும், இரண்டு வடங்களும் ஒரே குழியில் ஓடுவதுண்டு. அதைக் கேட்டறிதல் வேண்டும். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின் நிலையத்திலே ஒரு குரங்கினால் நேர்ந்த கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கிற்று. அத்தகைய நாளிற் கண்டியிலிருப்பதனால் மட்டும் கண்டிச் சேவையகம் பிழைக்காது. அங்கும் மின்பிறப்பாக்கி வேண்டும், அதற்கு எரிபொருளும் வேண்டும். சேவையகத்தை வெளிநாட்டுப் பெருநிறுவனங்களிடம் வாடகைக்குப் பெறுவோர்க்கு இக்கவலைகள் பல நீங்கும். காப்புப் பிரதி பற்றிய கவலை மாத்திரம் நீங்காது.

இவையெல்லாம் அமைந்த பின்னரும், ஒத்திகை பாராத ஏற்பாடு காகிதத்தில் உள்ள ஏற்பாடே. ஒரு சனிக்கிழமை பிற்பகலிற் கொழும்பின் வடத்தை மெய்யாகவே கழற்றி, கண்டி எத்தனை நிமிடத்தில் விழிக்கின்றது என்று கணக்கிடுதல் வேண்டும். யாழ்ப்பாணத்து இலிகிதரின் பெட்டியைச் சென்ற மாதக் காப்புப் பிரதியிலிருந்து வேறொரு கணினியில் மீட்டு, அதிலுள்ள ஒரு கடிதத்தைத் திறந்து படித்துப் பார்த்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி பேஸ்புக் நிறுவனத்தின் சேவைகள் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றபோது, பழுதைத் திருத்தவேண்டிய ஊழியர்கள் பயன்படுத்தும் உட்கருவிகளும் கூடவே நின்றுபோயின. மின்னஞ்சல் நின்றுவிட்டது என்பதை மூன்று கிளைகளுக்கும் மின்னஞ்சலில் அறிவித்தல் இயலாது. முகவரி ஏடும் அதே பெட்டிக்குள்ளேதான் கிடக்கும். தொலைபேசி இலக்கங்களைக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு கிளையின் சுவரிலும் ஒட்டி வைப்பதற்கு அதிக செலவாகாது.