பெரஹராவுக்கு முடிகிறது, தமிழுக்கு முடியாதா?

தெல்தொட்டையிலிருந்தும் பன்விலையிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே!

ஆண்டுதோறும் கண்டியில் எசல பெரஹரா நடக்கிறது. கும்பல் பெரஹரா ஐந்து இரவு, ரந்தோலி பெரஹரா ஐந்து இரவு. மின்சாரத் துறை, நீர் வழங்கல் சபை, பொலிஸ், சுகாதாரம், மாநகர சபை, ரயில்வே எல்லாம் கூடிப் பேசி, ஆளையும் வாகனத்தையும் பகிர்ந்துகொண்டு காரியத்தை முடிக்கின்றன. "என் திணைக்களத்து ஆளைத் தரமாட்டேன்" என்று சொல்லி எவரும் விழாவை நிறுத்தியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. நல்லது, அப்படித்தான் நடக்க வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான்: நமக்கு ஒரு கடிதம் தமிழில் எழுத மட்டும் ஏன் இவர்களால் கூடிச் செயற்பட முடியவில்லை?

1988இல் வந்த அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் தமிழையும் நிர்வாக மொழியாக்கியது. கண்டி மாவட்டத்தின் 20 பிரதேச செயலகங்களில் அக்குறணை, தெல்தொட்டை, பன்விலை, உடபலாத்த, பஸ்பாகே கோறளை ஆகியவை இருமொழிப் பிரிவுகளென வர்த்தமானியிலும் ஏறிவிட்டன. ஆனால் கவுண்டருக்குப் போனால் என்ன பதில்? "தமிழ் தெரிஞ்ச ஐயா இன்றைக்கு லீவு, அடுத்த கிழமை வாங்க."

அந்த ஐயா மேல் எனக்குக் கோபமில்லை. கோளாறு ஆளணியில் இருக்கிறது. பிரதேச செயலகம் மத்திய அரசின் கீழ், வலயக் கல்விப் பணிமனை மாகாணத்தின் கீழ், மின்சாரமும் தண்ணீரும் வேறு நிர்வாகம். ஒவ்வொருவருக்கும் தனி ஆளணி, தனி நிதி. கடிதம் குறைவாகப் போகும் காரியாலயம் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதே இல்லை. கடிதம் குவியும் காரியாலயத்தில் ஒரே ஆள் மூச்சுத் திணறுகிறார்.

இதனால் மிச்சமாவது என்ன? ஒன்றுமில்லை! நிவாரணம் நிறுத்தப்பட்டதென்று ஒரு அம்மாவின் லயத்துக்குக் கடிதம் சிங்களத்தில் வருகிறது. வாசித்துச் சொல்ல ஆள் தேடுவதற்குள் மேன்முறையீட்டுத் தேதி போய்விடுகிறது. பிறகு அந்த அம்மா கெஞ்சி நிற்க, அதே கோவையை அதே உத்தியோகத்தர் மறுபடி திறக்கிறார். ஒரு வேலைக்கு இரண்டு சம்பளம் கொடுப்பதுதான் சிக்கனமா?

மாவட்டச் செயலகமான கச்சேரியில் ஒரு பொது மொழிபெயர்ப்புப் பிரிவு வையுங்கள். எல்லாத் திணைக்களமும் அதைப் பயன்படுத்தட்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: இதைக் கணக்கு வழக்கில்லாமல் செய்தால் இப்போதிருப்பதைவிட மோசமாகும். ஜீப்பை இரவல் கேட்டாலே டீசல் யார் போடுவதென்று மூன்று மாதம் கடிதம் எழுதுகிறவர்கள் இவர்கள்! மொழிபெயர்ப்பாளரின் லீவில் யார் கையெழுத்திடுவது, படியை யார் கொடுப்பது, ஒரு கடிதம் எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் முதலிலேயே எழுத்தில் வர வேண்டும். "நான் அனுப்பிவிட்டேன், கச்சேரியில் கிடக்கிறது" என்று தப்ப விடக்கூடாது. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க அரசகரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ், தமிழில் கடிதம் வராவிட்டால் நாம் முறையிடலாம். அந்த முறைப்பாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியது கடிதம் அனுப்பிய காரியாலயமே.

இவற்றையெல்லாம் கேட்கும் ஒரு தீர்மானத்தை அரசாங்க அதிபரிடம் கொடுத்து, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் வைக்கக் கேட்போம். சிங்களத்தில் மட்டும் வந்த கடிதம் உங்கள் கையிலிருந்தால் மேடைக்குப் பக்கத்து மேசையில் ஒரு பிரதி கொடுங்கள். கிராம சேவகர் பிரிவை எழுத மறக்காதீர்கள்.