களத்திலேயே பிரித்து வையுங்கள்



தை மாதச் சம்பா அறுவடைதான் நம்ம தஞ்சைப் பக்கத்தில் வருஷச் செலவுக்கே ஆதாரம். "குறுவை கைகொடுக்கும்" என்று நம்பி அதைக் கரைத்துவிடலாமா? மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷமும் அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2024-லும் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள்.

ஆகவே, கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றும் முன்பே களத்தில் பிரித்துவிடுங்கள்.

முதலில் சாப்பாட்டு நெல். நாளுக்கு 2 கிலோ அரிசி ஆகும் வீட்டுக்கு வருஷத்துக்கு 730 கிலோ வேண்டும். 60 கிலோ மூட்டை நெல்லை அரைத்தால் சுமார் 40 கிலோ அரிசி கிடைக்கும். ஆக, 18, 19 மூட்டை பத்தாயத்தில் இருக்கட்டும். ரேஷன் அரிசி வாங்கினால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அடுத்த சம்பாவுக்கு விதைநெல். கலப்பில்லாத வயலில் எடுத்து, கடித்தால் 'டக்'கென்று உடையுமளவு காயவையுங்கள்.

மூன்றாவது, விற்ற பணத்தில் அடுத்த சாகுபடிச் செலவு. இதைக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்டுவிடுங்கள். மிச்சம் எதுவோ, அதுதான் கல்யாணம், காதுகுத்துக்கு.

"ஊர் என்ன சொல்லும்?" என்று வீட்டில் கேட்பார்கள். ஆடியில் விதைநெல்லுக்காக நகையை அடகு வைத்தால், அந்த ஊர் வந்து மீட்டுத் தராது, ஐயா.